கோடு விழாத ரத்தம்

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'நோண்டி அக்கா' என்று பேர். இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் மலேரியா கிருமி தேடுகிறாள். வீட்டில் கடிகாரம் நின்றால் உடனே கழற்றிப் பார்த்துவிடுவாள். மறுபடி பூட்டுவது புருஷன் தலையில் விழும்.

இப்போதெல்லாம் பரிசோதனைப் பட்டை வைத்ததுதான் சட்டம். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், கிருமி வெளியே விடும் ஒரு புரதத்தைப் பிடித்துச் சிவப்புக் கோடு காட்டும். கோடு விழவில்லையா, ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைப் பார்க்காமலே பெட்டியில் போடலாம் என்று உத்தரவு. இவளுக்குக் கை சும்மா இருக்குமா? அன்று காய்ச்சலோடு வந்த லாரி டிரைவரின் கண்ணாடித் துண்டையும் எடுத்துப் பார்த்தாள். பட்டையில் அந்தக் கோடு இல்லை. கண்ணாடியில், மோதிரம் மாதிரி ஒரே ஒரு கிருமி.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "சாயத்தூசு மாதிரி இருக்குக்கா. இப்பதானே கண் ஆபரேஷன் ஆச்சு? பேசாம பதிவு கவுண்டருக்குப் போயிடுங்களேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ரோஷத்தைவிடப் பெரிய குடைச்சல் வேறு இருந்தது. அது கிருமி என்றால் கோடு ஏன் விழவில்லை? டிரைவரை வார்டில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு, மீதி ரத்தத்தோடு மாடியில் மரபணு ஆராய்கிறவரிடம் போனாள்.

"தம்பி, இது தூசா கிருமியான்னு சொல்லிடுங்க. தூசுன்னா நாளைக்கே கவுண்டர்ல உக்காந்துடறேன்."

மறுநாள் மத்தியானம் அவரே இறங்கி வந்தார். "கிருமிதான்கா. ஆனா பட்டை தேடுற புரதத்தைச் செய்ற மரபணுவே இதுகிட்ட இல்ல. ரத்தத்துல அந்தப் புரதமும் இல்ல. அப்புறம் கோடு எப்படி விழும்?"

"அடி கள்ளி!" என்றாள் அக்கா, கண்ணாடித் துண்டைப் பார்த்து.

இதைக் கேட்டு டிரைவருக்கு மருந்து எழுத ஓடிய டாக்டரம்மா வாசலில் நின்றார். "ஸாரிக்கா. நீங்க எங்கயும் போக வேணாம்."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஒரு நிமிஷம்தான். அலமாரியைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. ஆபரேஷன் லீவில் அவள் வேலைக்கு வராத ஒரு மாதத்துப் பெட்டிகள் அங்கே இருந்தன. கோடு விழவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் ரத்தம். ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் பெட்டியை இறக்கினாள்.

"டாக்டரம்மா, இவங்க ஃபோன் நம்பரெல்லாம் பதிவு கவுண்டர்ல இருக்கும்ல?"