எனக்கு வந்தது நல்ல வகை

சிறுநீரகம் செயலிழப்பதில் இரண்டு வகை என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். ஒன்று திடீரென்று படுத்துவிடும். உடனே கவனித்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். மற்றது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தேயும், தேய்ந்தது திரும்பாது. எனக்கு வந்தது முதல் வகை. பரீட்சையில் பாஸானதுபோல் பெருமையாக இருந்தது.

காரணமும் நானேதான். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, தினம் இரண்டு. ஊருக்கெல்லாம் காயம் கட்டத் துணி கொடுப்பவனுக்கு டாக்டரிடம் போக நேரமேது? வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிக் கிடந்த வாரத்திலும் மாத்திரையை விடவில்லை. சிறுநீர் நின்றது, முகம் வீங்கியது. மூன்று முறை டயாலிசிஸ்.

உப்பைக் குறைக்க வேண்டும், பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் இளநீரும் ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். பார்க்க வந்த சொந்தங்கள் அத்தனை பேரும் இளநீரோடு வந்தார்கள். "கிட்னிக்கு இதவிட மருந்து உண்டா லே? டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியப்பா. தலைவலிக்கு நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் மனைவிதான் வாசலிலேயே நின்று எல்லாரையும் சமாளித்தாள்.

பிழைத்து வந்ததும் நான் அரை டாக்டர் ஆகிவிட்டேன். டீக்கடையில் யார் சிக்கினாலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கல்லடைப்பு, வலி மாத்திரை என்று காரணங்களை அடுக்குவேன். அந்தப் பவுசில்தான், மறுபரிசோதனைக்குப் போனபோது மனைவியையும் இழுத்து உட்காரவைத்து, "இவளுக்கும் பாத்துருங்க சார்" என்றேன்.

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்றாள் அவள்.

டாக்டர் அவள் பிரஷரை இரண்டு தடவை பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவுகள் வந்ததும் என் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளுடையதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருட ரத்தக்கொதிப்பு, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வகை. பாதிக்குமேல் போய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அரை டாக்டர் இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார். அவள்தான் பேசினாள்.

"ஒருவகையில நல்லதாப் போச்சு. இனி ரெண்டு கொழம்பு வைக்க வேண்டாம். உப்பில்லாதது ஒண்ணு போதும். பிள்ளைக வேணும்னா உப்பை மேல தூவிக்கிடட்டும்."

சப்பென்று இருக்கிறது என்று அந்தக் குழம்பைத் தினமும் திட்டிக்கொண்டே தின்றவன் நான். எனக்காக அவள் தனியாக ஒரு சட்டி வைத்துக்கொண்டிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.