வாயை மூடிக்கொண்டு ஓடியவர்

பிளம்பர் பொய்யே சொல்லாத மனிதர் என்று சொல்வதற்கில்லை. நாளைக்கு வருகிறேன் என்பார், நாலு நாள் கழித்துப் போய் நிற்பார். ஆனால் கை வைத்த வேலை சுத்தமாக இருக்கும். அதிலும் சத்தம் போடும் குழாய் என்றால் அவரைத்தான் தேடுவார்கள். அடுக்குமாடி வீடுகளில் யாராவது குழாயைப் பட்டென்று மூடினால், சுவருக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். பேய் என்றே முடிவுகட்டி வீட்டைக் காலி செய்யக் கிளம்பிய குடும்பத்தைக்கூட அவர் பார்த்திருக்கிறார். சுவரில் காதை வைத்துக் கேட்பார். குழாய் எந்த இடத்தில் ஆடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கே உடைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்பளித் துணியைச் சுற்றி மூடிவிட்டு வருவார். அப்புறம் அந்தக் குழாய் மூச்சு விடாது. சத்தம் கேட்டால் கோளாறு, சத்தம் நின்றால் சரியாகிவிட்டது. அவருக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் காலையில் மைதானத்தில், அதுவும் ஓடிக்கொண்டே. கூட ஓடுகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், வாய் ஓயாத ஆள். இருபது வருஷப் பழக்கம். நடக்க வருகிறவர்கள், "குழாயும் கண்ணாடியும் வருது, ஒதுங்குங்க" என்று கேலி செய்வார்கள். மகள் புருஷனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்ததை, மறுபடி அவனிடமே போனதை, தன் மனைவி அந்த நாட்களில் சாப்பிடாமல் கிடந்ததை, எல்லாவற்றையும் பிளம்பர் அந்த ஆளிடம்தான் கொட்டினார். முகத்தைப் பார்த்தால் அவருக்கு வார்த்தை வராது. பக்கத்தில் ஓடும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே.

ஐம்பத்தெட்டாவது வயதில், கருவிப் பையோடு இரண்டு மாடி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். வால்வு என்ற வார்த்தையைக் கேட்டதும் பிளம்பருக்குப் பாதி பயம் போய்விட்டது. அவர் மாற்றாத வால்வா?

"ரெண்டு வகை இருக்குங்க" என்றார் டாக்டர். "திசுவால செஞ்சது, உலோகத்துல செஞ்சது. திசுன்னா கொஞ்ச வருஷம் கழிச்சுத் தேஞ்சு போகலாம், அப்ப மறுபடி ஆபரேஷன். உலோகம்னா தேயாது. ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். அப்புறம், கொஞ்சம் சத்தம் கேக்கும். சில பேருக்கு அது ஒத்துக்கறதில்ல. வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

பிளம்பர் வீட்டில் பேசவில்லை, யோசிக்கவும் இல்லை. "ஒரு தடவை உடைச்ச சுவத்தை மறுபடி உடைக்கக் கூடாது டாக்டர். உலோகமே போடுங்க" என்றார். தொழில் தெரிந்தவன் சொல்கிற பதில் என்று அவருக்கே ஒரு பெருமை. சத்தம் என்று டாக்டர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. சத்தத்தை அடக்கத் தனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டார். ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் வாயடைக்க வைத்தவருக்கு அந்தத் திமிர் இல்லாமல் இருக்குமா?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. டிக், டிக், டிக். கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் அடுப்படியில் மனைவிக்குக் கேட்டது. வாயைத் திறந்தால் சத்தம் கூடியது, மூடினால் குறைந்தது. "இத்தனை வருஷம் வாயே திறக்காத மனுஷன். இப்பத் திறந்தா கடிகாரம் ஓடுது" என்று மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரை போட்டாச்சு என்று அவர் பொய் சொன்னால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். "படபடன்னு அடிக்குதே, போடலதானே?" என்பாள். ஒரு சின்னப் பொய்க்குக்கூட வழியில்லாமல் போய்விட்டது அவருக்கு.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். மறுபடி ஓடலாம் என்ற ஒன்றே போதும் என்றிருந்தார். பல மாதம் நடந்து, ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிக்குப் போய், கடைசியில் டாக்டர், "மெதுவா ஓடலாம். விழுந்து மட்டும் அடிபட்டுக்காதீங்க, ரத்தம் நிக்காது" என்று அனுமதி கொடுத்தார். மனைவி மட்டும், "நடந்தா போதாதா? ஓடித்தான் ஆகணுமா?" என்று கேட்டாள். போதாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிக்காரரிடம் சொல்லிக்கொண்டே ஓடியவருக்கு, நெஞ்சைப் பிளந்து படுத்திருந்த நாட்களின் பயத்தைச் சொல்ல அந்த ஆள் வேண்டும். வேறு யாரிடமும் அது வாயில் வராது.

முதல் நாள் கண்ணாடிக்காரர் கட்டிப்பிடிக்காத குறை. "வாய்யா, வா. நீ இல்லாம என் வாய் துருப்பிடிச்சுப் போச்சு" என்றார். ஓட ஆரம்பித்தார்கள். கால் சுற்று போவதற்குள் பிளம்பருக்கு வாய் தானாகத் திறந்தது. டிக்டிக்டிக்டிக்.

"என்னய்யா அது?"

"வால்வு."

"இப்படியா அடிக்கும்?"

"ஓடுனா இப்படித்தான்."

கண்ணாடிக்காரர் அப்புறம் பேசவில்லை. அந்த வாய் இருபது வருஷத்தில் முதல் தடவையாக மூடியது. சத்தம் வேகமானால் அவர் வேகத்தைக் குறைத்தார், கட்டியிருந்த ஷூ நாடாவைக் குனிந்து மறுபடி கட்டினார். இரண்டாம் வாரம் முட்டிவலி என்றார். அடுத்த நாள் கடையில் வேலை என்றார். பிளம்பர் ஒருநாள் நேரம் தப்பிப் போனபோது, மைதானத்தின் அந்தக் கோடியில் கண்ணாடிக்காரர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். முட்டியில் ஒரு வலியும் இருப்பதாகத் தெரியவில்லை. பிளம்பர் மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, சொல்லாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதற்காகப் பிழைத்தோம் என்றுகூடத் தோன்றியது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது, சத்தம்தான். அப்படியானால் வழியும் தெரிந்ததுதான். கருவிப் பையிலிருந்து குழாய்க்குச் சுற்றும் கம்பளித் துணியை எடுத்து, மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, மேலே சட்டையைப் போட்டார்.

"என்ன இது?" என்றாள் மனைவி.

"குளிருது."

அவள் காதுகொடுத்துக் கேட்டாள். நெஞ்சு படபடவென்றுதான் அடித்தது. பொய் என்று தெரிந்தும் இந்தத் தடவை அவள் விட்டுவிட்டாள்.

மைதானத்தில் கண்ணாடிக்காரரை வாசலிலேயே பிடித்துவிட்டார். "ஒரே ஒரு சுத்து. இன்னைக்குச் சத்தம் வராது" என்றார். மறுக்க முடியாமல் கண்ணாடிக்காரர் கூட ஓடினார். பிளம்பர் பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டார். சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. வாயைத் திறந்து சொல்லத்தான் அவர் ஓட வந்தார், இப்போது அந்த வாயைத் திறக்காமல் இருப்பதற்காகவே ஓடினார். இந்தக் கூத்து அவருக்கே புரிந்தது. ஆனாலும் விடவில்லை. அரைச் சுற்று தாண்டியதும் கண் இருட்டியது. தடுமாறிக் கம்பி வேலியைப் பிடித்தார், பிடி நழுவியது. கீழே விழாமல் அவரைக் கண்ணாடிக்காரர் அணைத்துத் தாங்கினார். தாங்கிய கையில் தடிப்பாகத் துணி பட்டது.

"என்னத்தய்யா சுத்தி வச்சிருக்க?"

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சுற்றுச் சுற்றாக அந்தத் துணியை அவிழ்த்தார். பிளம்பர் வாயை அகலத் திறந்து மூச்சை இழுத்தார். அடக்கிவைத்த சத்தமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. நடந்து போன ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"உனக்குத் தொந்தரவா இருக்குன்னுதான்" என்றார் பிளம்பர், மூச்சு அடங்கியதும்.

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். "தொந்தரவு இல்லய்யா. பயம். உன்னோடதைக் கேட்டுட்டே ஓடுனா, என்னோடது சரியா அடிக்குதான்னு தோணுது. வீட்டுக்குப் போயும் நெஞ்சுல கைய வச்சுப் பாத்துக்கறேன். உன் வயசுதானே எனக்கும். நானும் எவ்வளவோ பாத்தேன், முடியல."

பிளம்பருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் தான் பட்ட அதே பயத்தைத்தான் இந்த ஆள் சொல்கிறார். அதை இந்த ஆளிடம் சொல்லத்தானே இத்தனை மாதம் காத்திருந்தார்? இனிமேல் அதை இவரிடமும் சொல்ல முடியாது.

"அப்ப ஒண்ணு செய்யலாம்" என்றார். "நீ எப்பவும்போலக் காலையில ஓடு. நான் சாயங்காலம் வந்துக்கறேன்."

சொல்லிவிட்டு அந்த ஆள் முகத்தைப் பார்த்தார். சீ, என்ன பேச்சு இது, பேசாம காலையில வா என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார். வாய் ஓயாத ஆள், ஒரு வார்த்தைக்கா பஞ்சம்?

கண்ணாடிக்காரர் கையிலிருந்த துணியை நிதானமாக மடித்து, நீட்டினார்.

"வெயில் தாழ்ந்தப்புறமா வாய்யா" என்றார்.