மலரக்கா விரித்த கட்டில்

கதவை மூன்று தரம் தட்டுவார். "ஹவுஸ்கீப்பிங்" என்று ஒரு தரம் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவார். அதன் பிறகுதான் மலரக்கா கதவு அட்டையைக் கையில் எடுப்பார். ஏன் இந்த எண்ணிக்கை என்று கேட்டால் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் வரும். "உடுப்பில்லாமல் நிண்ட ஆம்பிளையள் இருபது வருஷத்தில நாலு பேரைக் கண்டிட்டன். அஞ்சாவது ஆள் வேண்டாம்."

உள்ளே போனதும் முதல் வேலை சன்னலைத் திறப்பது. அடுத்தது கட்டில். குளியலறை எப்போதும் கடைசி. போர்வையை உருவும்போதே அறையில் தங்கியவரின் சாதகத்தைச் சொல்லிவிடுவார். கட்டிலின் ஒரு கரை மட்டும் கசங்கியிருந்தால் தனியாக வந்தவர், தனிமைக்குப் பழகாதவர். குப்பைக்கூடையில் விமானச் சீட்டின் துண்டும் தோடம்பழத் தோலும் கிடந்தால் விடிய ஐந்து மணி விமானத்துக்குப் போனவர். குளியல் தொட்டியின் விளிம்பில் துவாயை நான்காக மடித்து வைத்திருந்தால் அவர் ஒருகாலத்தில் இந்த வேலை செய்தவர். "ஆளைப் பாக்கத் தேவையில்லை பிள்ளை. அறையைப் பாத்தால் காணும்."

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில், மங்கரேயில் விமான நிலையத்துக்குப் போகிற பெருந்தெருவில் இருக்கிறது அந்த மூன்று மாடி மோட்டல். நாளுக்குப் பதினான்கு அறை. வசந்தமலர் என்ற முழுப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும் இருக்கிறது. ஓக்லாந்து யாழ்ப்பாணத்தாருக்கு அவர் மலரக்கா. வயது அறுபத்திரண்டும் எட்டு மாதமும். வயதை மாதக் கணக்கோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறுபத்தைந்தில் அரசாங்கப் பென்ஷன் வரும். அதுவரை வாரத்தில் ஐந்து நாள் வேலை நிலைத்தால் கிளென் ஈடனில் உள்ள வீடு கையில் நிற்கும். நிலைக்காவிட்டால் மோர்ட்கேஜ் கட்ட வழியில்லை, வீடு பேங்குக்குப் போய்விடும். கணவர் இரத்தினசிங்கம் விமானச் சரக்குக் கிடங்கில் முதுகை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஆகவே அந்த வீடு நிற்பது மலரக்காவின் இரண்டு தோளிலும்தான், அதில் இடது தோளைத் தூக்க முடிவதில்லை.

இரத்தினசிங்கத்துக்கு முதுகுதான் போயிற்று, கௌரவம் போகவில்லை. டொரண்டோவில் இருக்கும் தமக்கை போனில் விசாரித்தால், "மலர் இப்ப ஹோட்டல் லைனில இருக்கிறா" என்பார். "மனேஜ்மென்ட் பக்கமோ?" என்று அந்த அம்மா கேட்பார். "ஓம், அந்தப் பக்கம்தான்" என்று இவர் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். பக்கத்தில் இருந்து மலரக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருப்பார். ஆனால் அந்த வீட்டில் அவருடைய கட்டில் மட்டும் விரிக்கப்படுவதேயில்லை. போர்வை எழும்பின கோலத்திலேயே கிடக்கும். "சம்பளமில்லாத கட்டிலை நான் ஏன் விரிக்க வேணும்? மனேஜ்மென்ட் ஆக்கள் கட்டில் விரிக்கிறதில்லை" என்று கணவருக்குக் கேட்கும்படியாகச் சொல்வார்.

போன வருடத் தொடக்கத்தில் மோட்டலுக்கு ஒரு பச்சை அட்டை வந்தது. ஒரு இலைப் படம், அதன் கீழே பூமியைக் காப்பாற்றச் சொல்லி நாலு வரி. விருந்தினர் அதைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டால் அன்று அந்த அறைக்குத் துப்புரவு கிடையாது. அவருக்கு ஒரு கோப்பை கோப்பி இலவசம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். கொழுவிய அறை மலரக்காவின் பட்டியலிலிருந்து விழும். பதினான்கு பத்தாகும், பத்து எட்டாகும், பன்னிரண்டு மணிக்கே "போயிட்டு வாங்க" என்பார்கள். நடைபாதையில் வரிசையாகத் தொங்கும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வண்டிலைத் தள்ளும்போது அவர் வாய் சும்மா இருக்காது. "ஒரு கோப்பிக்காக என்ட வயித்தில அடிக்கிற சனம். தன்ட ஊத்தைக்குள்ள தானே படுத்துக்கொண்டு பூமியைக் காப்பாத்துதாம்." அந்தச் சனத்தை அவர் மனமாரச் சபித்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை.

இந்த நிலையில்தான் மகள் லக்ஷிகா அவரைப் போர்த்துக்கல்லுக்கு அழைத்துப் போனாள். அவளுக்கு போர்ட்டோ நகரத்தில் ஒரு அலுவலக மாநாடு. அது முடிந்ததும் தன் செலவில் ஆறு நாள் தாயுடன் தங்குவதாக ஏற்பாடு. ஊரை விட்டு வந்த முப்பது வருடத்தில் மலரக்கா ஒரு ஹோட்டலில் காசு கொடுத்துத் தங்கப்போவது அதுதான் முதல் தரம். "அம்மா, ஃபோர் வன்ஸ், யூ ஆர் தி கெஸ்ட்" என்று மகள் சொன்னாள். மலரக்கா தலையாட்டினார். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்ட பறங்கியின் ஊரையும் ஒருக்கால் பார்ப்போமே என்று நினைத்தார்.

மலிவு ஹோட்டல். ஆற்றங்கரைக்கு மேலே ஒரு ஒடுங்கிய சந்து, லிஃப்ட் இல்லாத நான்கு மாடி, சன்னலுக்கு எதிரே யாரோ வீட்டு உடுப்புகள் காய்கிற கொடி, கீழே நீலக் கற்கள் பதித்த தேவாலயம். மகள் படம் எடுத்துக்கொண்டிருக்க, மலரக்கா குளியலறையில் குனிந்து நின்று தரை ஓடுகளின் இடுக்குகளில் ஊத்தை இருக்கிறதா என்று பார்த்தார். பத்துக்கு ஏழு போட்டார். முதல் நாள் காலை கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. வெளியே ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது, அதில் "துவால்யா" என்ற ஒன்று மட்டும் விளங்கியது. மலரக்கா திகைத்துப்போனார். யாழ்ப்பாணத்தில் தலை துடைக்கிற துவாய் இங்கேயிருந்து கப்பலேறிப் போனதா! கதிரை, அலுமாரி, மேசை, சன்னல், சாவி எல்லாவற்றையும் அந்த அறைக்குள்ளேயே ஒவ்வொன்றாகத் தொட்டு மகளிடம் கேட்டார். மகள் போனில் தேடித் தேடி, "யெஸ், சேம் வேர்ட். யெஸ், தட் டூ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தாயும் மகளும் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பயணத்தில் அந்தக் காலை ஒன்றில்தான்.

ஏனென்றால் மற்றக் காலைகளெல்லாம் துப்புரவிலேயே போயின. அன்றும் கதவு தட்டப்படுவதற்கு முன்பே மலரக்கா அந்த அறையைத் துப்புரவாக்கி முடித்திருந்தார். விடிய எழும்பி, இரண்டு கட்டிலையும் மூலை மடித்து இறுக்கி விரித்து, குளியல் தொட்டியைத் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து, குப்பைப் பையை முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிட்டார். கதவை ஒரு சாண் திறந்து, கை நீட்டி இரண்டு துவாயை மட்டும் வாங்கிக்கொண்டு, "ஓகே, ஓகே" என்று பூட்டினார். மறுநாளும் அதே. மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அதே. மகள் பாலம் பார்க்கப் போவோம் என்று செருப்போடு நிற்பாள். தாய் முழங்காலில் நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் சிட்!" என்று ஒருநாள் கத்தியே விட்டாள். சொந்த வீட்டில் போர்வையைத் தொடாத மனுஷிக்கு அந்நிய ஊரில் என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

விளங்காததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. அறையைப் பார்த்து ஆளை எடைபோடுகிற கண் எப்படிப்பட்டது என்று மலரக்காவுக்குத் தெரியும். இருபது வருடமாக அந்தக் கண் அவருடையது. இன்னொருத்தியின் அந்தக் கண் தன் தலைமயிரிலும் தன் தலையணைக் கறையிலும் விழுவதை அவரால் தாங்க முடியவில்லை. அதோடு, அவளுக்கு ஒரு அறை குறைந்தால் ஒரு இருபது நிமிடம் காலாறுவாளே என்ற இரக்கமும் இருந்தது. இரண்டும் உண்மை. எது முதல் என்று இன்றைக்கும் அவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் துவாயோடு போகவில்லை. கதவு இடுக்கில் காலை வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதிருக்கும், கறுத்த பெண், ஆபிரிக்காவை அண்டிய காப் வேர்ட் தீவுக்காரி என்று பிறகு தெரிந்தது. லக்ஷிகா போனை நீட்ட, அவள் அதற்குள் பேசினாள். போன் அதை ஆங்கிலமாக்கி எழுத்தில் காட்டியது. மகள் வாசித்தாள், வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது. நான் களவெடுப்பேன் என்று இந்த அம்மா நினைக்கிறாவா? என் கை பட்ட துணியில் படுக்க அருவருப்பா? மேற்பார்வைக்காரன் இந்த அறைக்கு நேரே நான்கு நாளாகக் கோடு போடுகிறான். எனக்குச் சம்பளம் அறைக்கு இவ்வளவு என்றுதான். விருந்தினர் வேண்டாம் என்று சொல்கிற ஆளை அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மலரக்கா கட்டிலில் இருந்துவிட்டார். அவர் விரித்த கட்டில், ஒரு சுருக்கம்கூட இல்லை. "சொல்லு பிள்ளை, நானும் உந்த வேலைதான் எண்டு சொல்லு. நல்லதுக்குத்தான் செய்தனான் எண்டு சொல்லு" என்று மகளை உலுப்பினார். மகள் சொன்னாள். போன் அதைப் போர்த்துக்கீசில் ஒப்புவித்தது. அந்தப் பெண் கேட்டுவிட்டு மலரக்காவை ஒரு பார்வை பார்த்தாள், போனுக்கு மொழிபெயர்க்க வேலையிருக்கவில்லை. "அப்ப தெரிஞ்சுகொண்டே செய்தனீயோ எண்டு கேட்ட பார்வை பிள்ளை அது" என்கிறார் மலரக்கா. நல்லது செய்யப் போய்த் தான் மங்கரேயில் சபித்த சனமாகத் தானே மாறி நின்றதை அவர் அந்த இடத்தில்தான் கண்டார்.

கடைசி நாள் அவர் ஒன்றையும் தொடவில்லை. போர்வை கிடந்தபடி, துவாய் தரையில், தேநீர்க் கோப்பை கழுவாமல். பெட்டியைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். மூன்று தட்டுக் கேட்டது. கதவைத் திறந்தால் வேறொருத்தி, இருபது வயதுப் பெட்டை. முந்தையவள் எங்கே என்று மகள் கேட்டதற்கு, தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். விடுமுறை நாளாக இருக்கலாம். வேறு கட்டடத்துக்கு மாற்றியிருக்கலாம். பேரைக்கூடக் கேட்கவில்லையே என்பது மலரக்காவை இன்றைக்கும் குடைகிறது. வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் யாராவது போர்ட்டோ அழகா என்று கேட்டால் ஒரே பதில்தான். "பறங்கி எங்கட ஊருக்கு வந்து கோயிலை இடிச்சான். நான் அவன்ட ஊருக்குப் போய் ஒருத்தியின்ட பிழைப்பை இடிச்சுப்போட்டு வந்தன். கணக்குச் சரி."

திரும்பி வந்தபோது அவருடைய ஐந்து நாள் நான்காகியிருந்தது. அறிவித்தவள் மேற்பார்வையாளர் பாக்யலட்சுமி, கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து விசாவுக்காக இந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெண். கெட்டவள் அல்ல. "நான் என்ன பண்றது ஆன்ட்டி, சிஸ்டம்ல அப்படித்தான் வருது. இந்த வாரம் ஃபுல் சர்வீஸ் ரூம் குறைஞ்சா நாலை மூணாக்கிருவாங்க. என்னைத் திட்டாதீங்க" என்றாள். புது ஏற்பாட்டின்படி கட்டில் விரித்து, குளியலறை கழுவினால்தான் முழு அறை. கட்டில் ஏற்கனவே விரித்திருந்தால் துவாய் மாற்றுவது மட்டும். அது கணக்கில் சேராது. நான்கு நாள் சம்பளத்தில் இழுத்துப் பறித்து மோர்ட்கேஜ் கட்டலாம், மூன்று நாளானால் வீடு நிற்காது. "உன்னைத் திட்டி என்ன பிள்ளை, நீயும் என்னைப் போலத்தான்" என்றார் மலரக்கா. திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தின் கடைசி வேலை நாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு இரண்டாம் மாடியில் ஒரு டொங்கா நாட்டு அம்மா தன் அறை வாசலில் கறுப்பு உடுப்போடு நின்றார், ஒரு மரணச் சடங்குக்கு வந்தவர். மலரக்காவின் வண்டிலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நானும் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைதான், உங்கள் தோள் நோவை நேற்றே கவனித்தேன், அதனால் எல்லாவற்றையும் நானே செய்துவிட்டேன், நீங்கள் கொஞ்சம் இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி மலரக்காவின் கையைப் பிடித்து அழுத்தினார். இம்முறை சொல்ல வேண்டியதைச் சொல்லப் பாஷை இருந்தது. மலரக்காவோ "தேங்க்யூ, தேங்க்யூ" என்று அந்த அம்மா மாடிப்படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே கட்டில் பளிச்சென்று கிடந்தது, கணக்கில் சேராத அறை. மூலைகள் கத்தி மடிப்பு. தலையணைகள் நிமிர்த்தி வைத்திருந்தன. நடைபாதையின் அந்தக் கடைசித் தொங்கலில் பாக்யலட்சுமி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக் கையிலுள்ள பலகையில் குறித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மலரக்கா கதவைச் சாத்தினார். வேலைச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். கட்டிலில் ஏறிப் படுத்தார். நோகாத தோளை ஊன்றி இந்தப் பக்கம் ஒருதரம் புரண்டார், பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒருதரம் புரண்டார், பிறகு போர்வையைக் காலால் உதைத்து உதைத்துத் தரையில் தள்ளினார்.