அருவிக்குள் ஆங்கிலம்

ஷவரைத் திறந்ததும் என் வாய் தானாக முணுமுணுக்கிறது: "இரவல் கொடுத்தால் லெண்ட், இரவல் வாங்கினால் பாரோ."

எழுபதுகளில், தென்காசியில் என் அக்கா வேலை இன்டர்வியூவுக்கு இப்படித்தான் தயாரானாள். வீட்டில் ஆங்கிலத்தில் வாய் திறந்தால், "துரைசாணி வந்துட்டாள்லா!" என்று சித்தப்பா சிரிப்பார். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போவாள். பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கத்துவாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்காது.

"வில் யூ லெண்ட் மீ யுவர் பென்? மே ஐ பாரோ யுவர் பென்?"

சீசன் முடிந்த ஒரு நாள் தண்ணீர் மெலிந்திருந்தது. பெண்கள் பக்கம் முழுக்க அக்காவின் குரல்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாராவது சிரித்துவிட்டால் இவள் இனி வாயே திறக்கமாட்டாள் என்று பயந்தேன்.

கண்ணைத் திறந்த அக்கா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தான இருக்கு, சொல்லு," என்றாள் சீயக்காய்க் கையோடு நின்ற ஒருத்தி.

அக்கா தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்கு அருவியே சின்னதாகப் போய்விட்டது.

ஷவரை மூடிவிட்டு, நானும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.