கரிக்காரர் வைக்கும் இடம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே எங்கள் ஜீப் பஞ்சராகி நிற்கிறது. ஸ்டெப்னியை எடுப்பதற்காக, பின்னால் இருந்த மூட்டையை இறக்கி சரோஜா அம்மாளின் இட்லிக் கடை ஓரமாக வைக்கிறேன். மானாம்பதியில் வேர்க்கடலைத் தோலை மூட்டம் போட்டுக் கரியாக்கி, கஞ்சி விட்டுப் பிடித்த கரி உருண்டைகள் அதில் இருக்கின்றன. நிலக்கரிக்குப் பதிலாக இதைப் போட்டுப் புகை குறைவாக இரும்பு உருக்க முடியுமா என்று பார்க்க, எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அரசாங்கம் பணம் தந்திருக்கிறது. மூட்டை இன்றே சென்னைக்குப் போயாக வேண்டும்.

முகம் கழுவிவிட்டு வந்தால் மூட்டை பிரிந்து கிடக்கிறது. இட்லி அடுப்பு செக்கச்செவேலென்று எரிகிறது.

"அம்மா, அது சர்க்கார் ஆராய்ச்சிக் கரி."

"வாராவாரம் கரிக்காரரு வெக்கிற எடத்துல வெச்சிட்டு இப்ப சொல்றியே சார். இன்னா ஆராய்ச்சி?"

"புகையில்லாமல் இரும்பு உருக்க."

அவர் அடுப்பைக் குனிந்து பார்க்கிறார். "தெனம் கண்ணு எரியும். இன்னிக்கித்தான் அடுப்பாண்ட நிம்மதியா நின்னுக்கினு கீறேன். சர்க்காரு துட்டு மொத தபா என் வூட்டாண்ட வந்துகீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நல்லவேளை, சோதனைக்கு மிச்சம் போதும். இலையில் இட்லி வருகிறது. டிரைவர் டயரை மாற்றிவிட்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றுகிறார்.

"இரும்பு உருகலன்னா கவலப்படாத சார்" என்கிறார் சரோஜா அம்மாள். "மூட்டைய கொண்டாந்து அதே எடத்துல வெச்சிடு."