தோட்டத்து விலாசம்

நேர்முகத் தேர்வுக்கு வந்த பிள்ளைகளின் பெயரை நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் எழும்பவில்லை. எங்கள் மேலாளர் பட்டியலில் அவள் பெயரைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார்.

"அக்கறை இல்லாத பிள்ளைகள். இதுகளுக்காகவா நீங்க மலை மலையா ஏறி இறங்குறீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்கு வேலை. தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், தாதியர் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நீங்களும் வரலாம் என்று சொல்லிப் படிவம் நிரப்ப வைப்பேன். அந்தப் பெண் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துத் தேறியவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். இந்தப் பயிற்சி கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு அவளை அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கா அக்கறை இல்லை?

போன் போட்டேன்.

"இன்னும் கடுதாசியே வரலீங்க மிஸ். இன்டர்வியூ எப்பங்க?" என்று அவள் என்னையே கேட்டாள்.

படிவத்தில் போன் நம்பர் இருந்தது. ஆனாலும் அழைப்பு தபாலில் மட்டும்தான் போகும் என்பது எங்கள் ஆபிஸ் சட்டம். கடிதம் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். அவளையும் தோட்ட ஆபிசுக்கு வரச் சொன்னேன்.

ஆபிசில் இருந்த கிளாக்கர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ரப்பர் பட்டி போட்ட கடிதக் கட்டு ஒன்றை எடுத்தார். நடுவில் அவளுடையது இருந்தது.

"கணக்கப்புள்ளதாங்க காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேர் கூப்புட்டுக் குடுப்பாரு. அவரு ரெண்டு வாரமா லீவு" என்றார், வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? விலாசம் என்ற கட்டத்தில் தோட்டத்துப் பெயரையும் டிவிஷனையும் எழுதினால் போதும் என்று அவளுக்குச் சொன்னவள் நான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு ஏது இலக்கம், ஏது தெரு? நானும் லயத்தில் பிறந்தவள்தான். டவுனில் வாடகை வீட்டுக்கு வந்து, தபால்காரர் வாசலில் மணியடிக்கிற சுகத்தில் ஆறு வருடம் இருந்ததில் எல்லாம் மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாற வெகுநேரம் எடுக்கவில்லை.

கடித உறையின் மேல், இன்றுதான் கொடுக்கப்பட்டது என்று திகதி போட்டுக் கையெழுத்து வைக்கும்படி கிளாக்கரிடம் கேட்டேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"தேவைப்படும். எழுதுங்க."

நேர்முகத் தேர்வு மறுநாளும் இருந்தது. காலை எட்டு மணிக்கே அவளைக் கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மேலாளர் பார்த்துவிட்டார்.

"வெட்டின பேர் வெட்டினதுதான். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

உறையை அவர் மேசையில் வைத்தேன். "இந்தப் பிள்ளையக் கூப்பிடாட்டி நான் இன்னைக்கு யார் பேரையும் கூப்பிட மாட்டேன் சேர்."

வேலை போனால் போகட்டும் என்ற வீரமெல்லாம் எனக்கு இல்லை. போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி ஆளாக அவளை உள்ளே விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த மேலாளர், "போகலாம். முடிவத் தபால்ல அனுப்புவோம்" என்றார்.

அவள் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தபால் வேணாங்க சேர். நான் இங்கயே இருக்கேன். வாயால சொல்லுங்க."

இப்படிப் பேசு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக எனக்கே தைரியம் வந்திருக்காது. நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் என்னிடம்.

"இதுதான் சேர் என் வேலை."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். கூட்டுகிறவர் வந்து எங்கள் காலடியை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் கூட்டிவிட்டுப் போனார். நான்கு மணிக்குக் கதவு திறந்தது. மேலாளர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எடுத்திருக்கோம். ஒன்றாம் திகதி பயிற்சிக்கு வரணும்."

நான் துள்ளி எழுந்துவிட்டேன். அவள் அசையவில்லை.

"அத எழுதி என் கையில குடுங்க சேர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். திரும்ப உள்ளே போய் டைப் அடித்து, முத்திரை குத்திக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அவள் உட்கார்ந்தபடியே முதல் வரியிலிருந்து முத்திரை வரை ஒரு சொல் விடாமல் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் எழும்பினாள்.