வரம்புக்கு வெளியே பதினொரு பேர்

அம்சவள்ளிக்கு வேலை என்றால் வெறி. செலியமேட்டில் கரும்பு வெட்டும் சுப்புராயனின் மகள், புள்ளியியல் படித்து, எங்கள் ஆய்வுக் குழுவுக்கு நிரல் எழுத வந்தாள். நான் பக்கத்து மேசை. ஊர்க்காரர்களுக்குப் போன் செய்வது என் வேலை.

கரும்புத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பற்றிய ஆய்வு அது. ஆளுக்கு மூன்று அளவுகள்: ரத்தத்தில் ஏறிய உப்பு (கிரியேட்டினின்), ரத்த அழுத்தம், வெயிலில் நின்ற நேரம். உப்பு மூன்றைத் தாண்டினால் ஆய்வில் இடமில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மிஞ்சியவர்களின் சராசரியைக் கணக்கிடுவது அம்சவள்ளியின் நிரல். உப்பில் மட்டும் வெட்டினாலும் மற்ற இரண்டின் சராசரியும் நகரும், மூன்றும் பிணைந்தவை என்று விளக்குவாள். நான் தலையாட்டி வைப்பேன். சூத்திரத்தின் விடையும், கணினி லட்சம் கற்பனை ஆட்களின் எண்களை உருட்டி, வரம்பு மீறியதைத் தள்ளிக் கண்ட விடையும் ஒத்துப்போன அன்று எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தாள்.

நிஜ ஆட்களில் தள்ளப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தனிப் பட்டியலாக எடுக்கும் வரிகளை மட்டும் பிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டாள். நானும் கேட்கவில்லை, பாவி. சேர்ந்தவர்களை மட்டும் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டேன்.

ஆய்வுக்காக ஊரில் நடத்திய முகாமில் சுப்புராயனும் ரத்தம் கொடுத்திருந்தார். எங்களுக்கு வருவதில் பெயர் இருக்காது, வரிசை எண்ணும் போன் எண்ணும்தான். தெருவில் பலருக்குப் போன் வந்தும் தனக்கு வராததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"என்னக் கூப்புடலம்மா. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதான?"

"உனக்கு இன்னாப்பா கொறச்சல்" என்று சிரித்தாளாம்.

ஐந்தாம் மாதம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கரும்பு வயலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

காரியம் முடிந்து வந்த அன்று காலையிலேயே அம்சவள்ளி அந்த விட்டுப்போன வரிகளை எழுதி முடித்தாள். பதினொரு போன் எண்கள் வந்தன. தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இப்பவே போன் பண்ணு கல்பனா. கூப்புடலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க."

வரிசையாக அழைத்தேன். மூன்று பேர் பேசினார்கள், நாளைக்கே வருவதாகச் சொன்னார்கள். நான்காவது எண்ணை அழுத்தியதும் அம்சவள்ளியின் பைக்குள் ஒரு போன் அடித்தது. அவள் அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். பட்டன் தேய்ந்த பழைய போன். எனக்கு அழைப்பை நிறுத்தத் தோன்றவில்லை.

"அப்பாவ இப்பதான் கூப்புடறோம்" என்றாள்.